பயந்த புள்ளைய எப்படிக் கண்டுபிடிக்கிறது? மனநல ஸ்க்ரீனிங் பத்தி ஒரு அறிமுகம்

2005 பிப்ரவரி. நாகப்பட்டினம் பக்கத்துல ஒரு மீனவ கிராமம். சுனாமி வந்து ரெண்டு மாசம் கூட முழுசா ஆகல. தார் ஷீட் போட்ட தற்காலிக ஷெட்டுங்க வரிசையா நிக்குது, மத்தியானம் உள்ள போனா அடுப்புக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கும். நான் அப்போ காலேஜ் முடிச்சுட்டு வேலை இல்லாம சுத்திட்டு இருந்த ஆளு, யாரோ கூப்பிட்டாங்கன்னு வாலண்டியரா போனேன். கையில ஒரு எக்ஸாம் பேடு, ஒரு பேனா, எட்டு கேள்வி இருக்கற ஜெராக்ஸ் பேப்பர் ஒரு கட்டு. புள்ளைங்கள ஒவ்வொண்ணா உக்கார வச்சு கேள்வி கேட்டு டிக் அடிக்கணும், அவ்ளோதான் வேலை.

பதினோரு வயசு பையன் ஒருத்தன் வந்தான். "அது நடந்த எடத்துக்குப் போகாம ஒதுங்கி இருக்கியா தம்பி?"ன்னு கேட்டேன். "ஆமாண்ணே, போறதே இல்ல." அடிக்கடின்னு டிக் அடிச்சேன், அதுக்கு முழு மார்க்கு. அடிச்சு முடிச்சப்புறம் அவனே சொல்றான், "போட்டுதான் ரெண்டா ஒடைஞ்சு கெடக்குதே, போயி என்னண்ணே பண்றது." சரின்னு அடுத்த கேள்வி. கடலப் பாத்தா பயமா இருக்கா? "கடலுக்கு யாருண்ணே பயப்படுவா"ன்னு சிரிக்கிறான். பின்னாடி நின்ன நாலு பசங்களும் சிரிக்கிறாங்க. கடைசியா எந்திரிக்கும்போது மெதுவா கேட்டான்: "இதுல பேரு எழுதுனா என்னண்ணே தருவாங்க?"

அவங்கம்மா வாசல்ல நின்னு எல்லாத்தையும் பாத்துட்டு இருந்தாங்க. "தம்பி, அவன் சொல்றதெல்லாம் எழுதாத. ராத்திரியில தூக்கித் தூக்கிப் போடுது, சோறு எறங்க மாட்டேங்குது, பயந்த கோளாறுதான், நாகூருக்குக் கூட்டிட்டுப் போயி ஓதிட்டு வந்தோம், கொஞ்சம் தேவலாம்"னாங்க. என் பேப்பர்ல இதை எழுத எடமே இல்ல.

இருபது வருசம் ஆச்சு. அப்புறம் இந்த விஷயத்தை கொஞ்சம் கொஞ்சமா படிச்சேன், நான் டாக்டர்லாம் கிடையாது, ஆனா அன்னைக்கு என் கையில இருந்த பேப்பர் என்ன, அது எதுக்கு, எங்க சொதப்பும்னு இப்போ ஓரளவு சொல்ல முடியும். அதைத்தான் எழுதப் போறேன்.

முதல்ல ஸ்க்ரீனிங்னா என்ன. ஸ்கூல்ல கண் செக்கப் வைப்பாங்கல்ல, டீச்சரே சுவத்துல அட்டைய மாட்டி, ஒரு கண்ண மூடிக்கிட்டு படிக்கச் சொல்வாங்க. படிக்கத் திணறுற புள்ளைய கண் டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. பவர் எவ்ளோன்னு டீச்சர் சொல்ல மாட்டாங்க, சொல்லவும் கூடாது. டாக்டர்கிட்ட யாரை அனுப்பணும்னு பிரிக்கறதோட அவங்க வேலை முடிஞ்சது. மனநல ஸ்க்ரீனிங்கும் அதே ஜாதிதான். சல்லடையில போட்டு சலிச்சுப் பிரிக்கற வேலை. போரு, வெள்ளம், நிலநடுக்கம், ஊரை விட்டு ஓடி வந்தது, இப்படி ஒரே நேரத்துல ஆயிரக்கணக்கான புள்ளைங்க அடிபட்டிருக்கும்போது எல்லாரையும் ஒவ்வொருத்தரா மனநல டாக்டர் உக்காந்து பேசிப் பாக்கறது நடக்காத காரியம், அந்த மாதிரி எடத்துல அந்த டாக்டரே மாவட்டத்துக்கு ஒருத்தர் இருந்தா பெரிய விஷயம். அதனால ஒரு சின்ன கேள்வித்தாள், கொஞ்சம் ட்ரெயினிங் எடுத்த யார் வேணா கேக்கலாம், மார்க் போட்டு ஒரு கோட்டுக்கு மேல வர்றவங்கள மட்டும் அடுத்த கட்டத்துக்கு அனுப்பு. அந்தக் கோட்டுக்குப் பேரு கட்-ஆஃப்.

இந்த உலகத்துல ரொம்ப அடிபடற பேரு ரெண்டு. ஒண்ணு கிரைஸ்-8, நார்வேல பெர்கன் நகரத்துல இருக்கற 'சில்ட்ரன் அண்ட் வார்' அறக்கட்டளை கொடுக்கறது, எட்டு வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு. எட்டு கேள்வி. நாலு கேள்வி 'அந்த சம்பவம் நீ கூப்பிடாமலே மனசுக்குள்ள வருதா'ங்கற ரகம், மிச்ச நாலு 'அதை நெனைக்காம, பேசாம, பக்கத்துல போகாம ஒதுங்குறியா'ங்கற ரகம். இல்லவே இல்லன்னா 0, எப்பயாச்சும்னா 1, சில சமயம்னா 3, அடிக்கடின்னா 5. மொத்தம் 40க்கு 17 வந்தா கூப்பிட்டுப் பேசுங்கங்கறது கணக்கு. என் கையில இருந்ததும் இதோட தம்பி மாதிரி ஒண்ணுதான்.

இன்னொண்ணு எஸ்.டி.கியூ. பிரிட்டன்ல ராபர்ட் குட்மன்ங்கற மனநல டாக்டர் 1997ல வெளியிட்டது. இதுல 25 வரி: மனக்கஷ்டம், அடாவடி, துறுதுறுப்பு, கூட்டாளிங்களோட பிரச்சனை, அப்புறம் மத்தவங்களுக்கு உதவுற குணம், ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு. அந்த கடைசி அஞ்சு நல்ல குணம், அதை விட்டுட்டு மிச்ச 20 வரிய மட்டும் கூட்டுவாங்க. அம்மா அப்பாவோ டீச்சரோ நிரப்பலாம், 11 வயசுக்கு மேலன்னா அவங்களே நிரப்பலாம். இது எந்த சம்பவத்தைப் பத்தியும் கேக்காது, புள்ள பொதுவா எப்படி இருக்குதுன்னு கேக்கும். அந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

இப்போ கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, கூட்டல் கழித்தல்தான், ஆனா இதைப் புரிஞ்சுக்காம ஸ்க்ரீனிங் பத்திப் பேசவே கூடாதுங்கறது என் கருத்து. ஒரு முகாம்ல 1000 புள்ளைங்க இருக்காங்கன்னு வச்சுப்போம். அதுல நிஜமாவே உதவி தேவைப்படறவங்க 100. நம்ம கேள்வித்தாள் ஓரளவு நல்ல தாளுதான், கஷ்டத்துல இருக்கற 100 பேர்ல 80 பேரைப் பிடிச்சிரும், நல்லா இருக்கற 900 பேர்லயும் 80 சதவீதம், அதாவது 720 பேரை சரியா 'போப்பா நீ நல்லாத்தான் இருக்க'ன்னு அனுப்பிரும். கேக்க நல்லாத்தான இருக்கு? மிச்சத்தைப் பாருங்க. நல்லா இருக்கற 180 பேரு தப்பா மாட்டிட்டாங்க. ஆக சல்லடையில தங்குனது 80ம் 180ம் சேர்ந்து 260. அதுல உண்மையான ஆளு 80தான், மூணுல ஒண்ணு கூட இல்ல. இன்னொரு பக்கம், நிஜமா கஷ்டப்படற 20 புள்ளைங்க ஓட்டை வழியா கீழ விழுந்துட்டாங்க, அவங்களப் பத்தி யாருக்குமே தெரியாது.

இப்போ அதே தாளை ரொம்ப மோசமா அடிபட்ட ஒரு ஊருக்குக் கொண்டு போறோம், அங்க 1000ல 300 பேருக்கு உதவி தேவைன்னா? 240 பேரைப் பிடிக்கும், மிச்ச 700ல 140 பேரு தப்பா மாட்டுவாங்க. மொத்தம் 380, அதுல 240 நிஜம். தாளு அதேதான், ஒரு எழுத்து மாறல, ஆனா இப்போ மூணுல கிட்டத்தட்ட ரெண்டு சரி. அதனால யாராச்சும் 'இந்த டெஸ்ட் 80 சதவீதம் கரெக்ட்'னு சொன்னா, எந்த ஊர்லன்னு திருப்பிக் கேளுங்க.

பேப்பர்ல வர்ற '40 சதவீத குழந்தைங்களுக்கு மனநோய்'ங்கற மாதிரி தலைப்புங்களும் பாதி இங்கதான் பொறக்குது. சல்லடையில தங்குன எண்ணிக்கைய எடுத்து நோய் எண்ணிக்கைன்னு போட்டுடறாங்க. சுனாமியையே எடுத்துக்கோங்க. தமிழ்நாட்டுக் கரையில 500 சொச்சம் புள்ளைங்ககிட்ட கேள்வித்தாள் வச்சுப் பாத்த ஒரு ஆய்வுல பி.டி.எஸ்.டி., அதாவது பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் விடாம தொல்லை பண்ற மனக்கோளாறு, சுமார் 70% வந்துச்சு. இலங்கையில அதே அலை அடிச்சு மூணு நாலு வாரத்துல, பருத்தித்துறைப் பக்கம் மணற்காடு, தெக்கால கொஸ்கொட, காலின்னு மூணு எடத்துல 264 புள்ளைங்ககிட்ட உக்காந்து பேசிப் பாத்த ஆய்வுல ஊரைப் பொறுத்து 14ல இருந்து 39% வரைக்கும். ஊரு வேற, சேதம் வேறங்கறது ஒரு காரணம். கேட்ட விதம் வேறங்கறது இன்னொரு காரணம், அதுதான் நமக்கு இங்க முக்கியம். அதோட இந்தக் கோளாறுன்னு பேரு வைக்கவே ஒரு மாசத்துக்கு மேல அறிகுறி நீடிக்கணும்னு விதி இருக்கு, முதல் சில வாரத்துல தூக்கம் கெடறதும் திடுக்குன்னு முழிக்கறதும் எந்த ஊரு மனுசனுக்கும் வர்றதுதான், நிறைய பேருக்கு அது தானா அடங்கிடும்.

சரி, பண்பாடு இதுல எங்க வருது? எல்லாரும் மொழிபெயர்ப்புலன்னு நெனைக்கிறாங்க. அதுவும்தான், ஆனா அது மேலோட்டம். 'அதோட படங்கள் மனசுல தோணுதா'ன்னு கேட்டா நம்மூரு புள்ளைக்கு படம்னா சினிமா. 'அலை வந்தது கண்ணு முன்னாடி வந்து வந்து நிக்குதா'ன்னு கேட்டா உடனே புரியும். நல்லா செய்யறவங்க ஒருத்தர் மொழிபெயர்த்ததை அந்த மூலத்தைப் பாக்காத இன்னொருத்தர்கிட்ட கொடுத்து திரும்ப மூல மொழிக்கே மாத்தச் சொல்லி, எங்க இடிக்குதுன்னு பாப்பாங்க. அப்புறம் ஊருப் புள்ளைங்ககிட்டயே 'இந்தக் கேள்விய உன் வார்த்தையில சொல்லு'ன்னு கேட்டுப் பாப்பாங்க. இந்த ரெண்டாவது வேலைதான் நிஜமா பலன் தர்ற வேலை, அதைத்தான் நிறைய எடத்துல நேரமில்லன்னு விட்டுடறாங்க.

அதுக்கும் கீழ இன்னொரு அடுக்கு இருக்கு. வார்த்தை எல்லாம் சரி, ஆனா அந்தக் கேள்வியே அந்த ஊருல ஒட்டாது. நான் கேள்வி கேட்ட அந்த பதினோரு வயசு பையன் கதை அதுதான். 'அந்த எடத்துக்குப் போகாம ஒதுங்குறியா'ங்கற கேள்வி, சம்பவம் நடந்த எடம் வேற, வாழற எடம் வேறன்னு நெனைச்சு எழுதுன கேள்வி. கடலே சோறு போடற எடம்னா? ராத்திரி முழுக்க அலை சத்தம் ஷெட்டுக்குள்ள கேக்குதுன்னா? 'நெனைக்காம இருந்தாலும் ஞாபகம் வருதா'ன்னு கேட்டா வராம என்ன செய்யும். இதுக்கு மேல, பயம்னு வெளிய சொல்றது ஆம்பளப் பசங்களுக்கு அங்க மானப் பிரச்சனை, நான் வேற நாலு கூட்டாளி முன்னாடி கேட்டு வச்சேன்.

அமெரிக்க மனநல டாக்டரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் 1977லயே இதுக்கு ஒரு பேரு வச்சாரு, தமிழ்ல சொல்லணும்னா வகைப்பிழைன்னு சொல்லலாம். ஒரு ஊருல உருவான நோய்ப் பட்டியலை எடுத்துட்டு இன்னொரு ஊருக்குப் போயி தேடினா அது கெடைக்கத்தான் செய்யும், ஏன்னா அதுக்குத்தான கேள்வி வச்சிருக்கோம். ஆனா அந்த ஊரு மக்களுக்கு அது ஒரு விஷயமா, அப்படி ஒரு கட்டா சேர்த்துப் பாக்கறாங்களா, அவங்க கஷ்டம்னு எதைச் சொல்றாங்கங்கறது நம்ம வலையில விழாமலே போயிடும்.

அப்போ எப்படிச் செய்யணும்? எனக்குத் தெரிஞ்சு இதுக்கு அருமையான உதாரணம் வடக்கு உகாண்டா. லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மிங்கற கும்பல் புள்ளைங்களையே கடத்திட்டுப் போயி சண்டை போட வச்ச ஊரு அது, அச்சோலி மக்கள் பல வருசம் முகாம்லயே கெடந்தாங்க. 2005 வாக்குல பால் போல்டன், தெரசா பெட்டன்கோர்ட்னு ரெண்டு ஆய்வாளர்கள் டீமோட குலு மாவட்ட முகாமுக்குப் போறாங்க. கையில கேள்வித்தாள் இல்ல. ஊரு சனங்ககிட்ட 'இங்க புள்ளைங்களுக்கு என்னென்ன பிரச்சனை இருக்கு'ன்னு மட்டும் கேட்டு, சொன்னதை எல்லாம் அச்சோலி மொழியிலயே எழுதிக்கிட்டாங்க. அப்புறம் அந்த ஊருல இதெல்லாம் தெரிஞ்சவங்கன்னு மத்தவங்க கை காட்டுன ஆளுங்ககிட்ட விவரமா உக்காந்து பேசுனாங்க.

அப்படிக் கெடைச்சது அந்த ஊருக்காரங்க வச்சிருக்கற அஞ்சு நோய்ப் பேரு. 'டூ டாம்', 'பர்', 'குமு' மூணும் சோகம், யோசனை, துக்கம் பக்கம். 'மா லுவோர்' பயம் பக்கம்: பெரியவங்கள விட்டுப் பிரியாம ஒட்டிக்கிட்டே இருக்கறது, சத்தம் ஆகாது, யாரோ துரத்திட்டு வர்ற மாதிரியே இருக்கறது. 'குவோ மரச்சோ'ன்னா கெட்ட பொழைப்பு, அதாவது பெரியவங்கள மதிக்காம, சண்டை, குடி, திருட்டுன்னு திரியறது. இதுல குமுவோட அடையாளத்துல ஒண்ணு என்ன தெரியுமா, கன்னத்துல கைய வச்சுட்டு உக்காந்திருக்கறது! எனக்குப் படிச்சதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. கப்பல் கவுந்த மாதிரி கன்னத்துல கை வச்சு உக்காராதன்னு எங்க பாட்டி வீட்டுல ஒருத்தரை விட மாட்டாங்க. எந்த வெளிநாட்டு மனநலத் தாள்லயும் இந்தக் கேள்விய நான் பாத்தது இல்ல, ஆனா அச்சோலிக் கிழவியும் எங்க பாட்டியும் ஒரே சாடையத்தான் பாத்திருக்காங்க.

இந்த அஞ்சையும் வச்சே ஒரு கேள்வித்தாள் செஞ்சாங்க. அதை வச்சு ரெண்டு முகாம்ல இருந்து 14ல இருந்து 17 வயசு வரைக்கும் 314 பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரு பகுதிக்கு குழுவா உக்காந்து பேசற சிகிச்சை, ஒரு பகுதிக்கு ஆட்டம் பாட்டம் விளையாட்டு, மிச்சப் பேரு காத்திருக்கணும்னு பிரிச்சாங்க. 2007ல முடிவு வந்துச்சு. பேசற சிகிச்சையில பொண்ணுங்களுக்கு சோகம் நல்லாவே கொறைஞ்சுது, பசங்களுக்கு உறுதியா சொல்ற அளவு இல்ல, விளையாட்டு இந்த விஷயத்துல உதவல. கவனிங்க, அந்த ஊருக்காரங்க சொல்ற நோய்ப் பேரை வச்சு அளந்ததாலதான் அந்த ஊரு புள்ளைக்கு எது உதவுச்சுன்னு தெரிஞ்சது.

இப்படி ஊருக்கு ஊரு இருக்கு. ஜிம்பாப்வேல ஷோனா மொழியில 'குஃபுங்கிசிசா'ம்பாங்க, ஓயாம யோசிக்கறதுன்னு அர்த்தம், கம்போடியாவுலயும் 'ரொம்ப யோசிக்கறது'ங்கறதே ஒரு நோவு. ஆப்கானிஸ்தான்ல துக்கத்துக்கு 'ஜிகர் கூன்'னு சொல்வாங்க, ஈரக்கொலை ரத்தமாப் போச்சுங்கற மாதிரி. நமக்கு ஈரக்கொலை நடுங்குது, நெஞ்சு பாரமா இருக்கு, வயித்துல புளியக் கரைக்குது. 'மனசு எப்படி இருக்கு'ன்னு கேட்டா 'நல்லாத்தான் இருக்கு'ம்பான், 'வயிறு என்ன பண்ணுது'ன்னு கேட்டா அரை மணி நேரம் பேசுவான்.

அந்தம்மா சொன்ன 'பயந்த கோளாறு'க்கு வருவோம். அதை மூடநம்பிக்கைன்னு அன்னைக்கு நான் மனசுக்குள்ள ஒதுக்கிட்டேன், இப்போ நெனைச்சா வெக்கமா இருக்கு. தூக்கத்துல தூக்கிப் போடறது, சோறு எறங்காதது, அடிக்கடி காய்ச்சல், தாயை விட்டு நகராதது, இதெல்லாம் சேர்ந்தா 'புள்ள பயந்திருக்கு'ன்னு ஊரே முடிவு பண்ணும், தர்காவுல ஓதறதோ வேப்பிலை அடிக்கறதோ ஏதோ ஒண்ணு நடக்கும். யோசிச்சுப் பாத்தா அதுவே ஒரு ஸ்க்ரீனிங். அறிகுறி இருக்கு, கட்-ஆஃப் இருக்கு, அடுத்து யார்கிட்ட அனுப்பணும்னும் இருக்கு. ஓதுனா எல்லாம் சரியாப் போயிடும்னு நான் சொல்ல வரல. புள்ள கஷ்டத்துல இருக்குதுன்னு அந்தம்மாவுக்கு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு, நான் அவங்ககிட்ட ஒரு கேள்வி கூட கேக்கல, அதைத்தான் சொல்றேன்.

எஸ்.டி.கியூ.வ எல்லா ஊரிலயும் ஒரே கட்-ஆஃப் வச்சு ஓட்டலாமான்னு கேட்டா, அதை உருவாக்குன குட்மனே வேற ஆய்வாளர்களோட சேர்ந்து 2012ல வேணாம்னு சொல்லிட்டாரு. பிரிட்டன், நார்வே, ரஷ்யா, பிரேசில், ஏமன், பங்களாதேஷ், இந்தியான்னு ஏழு நாட்டுக் கணக்கைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாங்க. தாள்ல மார்க் அதிகமா வந்த நாட்டுல நோய் அதிகமா இருக்கணும்ல, அப்படி வரல. 'சொன்ன பேச்சு கேப்பானா'ங்கற வரிக்கு ஒரு நாட்டு அம்மா போடற டிக்கும் இன்னொரு நாட்டு அம்மா போடற டிக்கும் ஒண்ணு இல்லைல்ல. நம்ம வீட்டுல ஒரு தடவை எதிர்த்துப் பேசினாலே அடங்காதவன்தான்.

இலங்கை வடக்கு பத்தி சொல்லாம இதை முடிக்க முடியாது, ஏன்னா தமிழ்ல இந்த வேலை ரொம்ப ஆழமா நடந்த எடம் அதுதான். அங்க டிராமாவுக்கு 'மனவடு'ங்கற வார்த்தையே புழக்கத்துல வந்துச்சு. எவ்ளோ அழகான சொல்லு பாருங்க, காயம் ஆறிருக்கும், தழும்பு இருக்கும். யாழ்ப்பாணத்துல பல வருசம் வேலை பாத்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், ஆளாளா எண்ணுனா மட்டும் போதாது, குடும்பம், ஊரு, உறவு எல்லாமே சேர்ந்து அடிபட்டிருக்கு, அதைக் கூட்டு மனவடுன்னு பாக்கணும்னு தொடர்ந்து எழுதிட்டு வந்தவரு.

அந்தப் பகுதியில 9ல இருந்து 15 வயசு வரைக்கும் 296 தமிழ்ப் புள்ளைங்கள வச்சு நடந்த ஒரு ஆய்வு 2008ல வெளியாச்சு. போரு, சுனாமி ரெண்டும் பாத்த புள்ளைங்க. சுமார் 30% பேருக்கு பி.டி.எஸ்.டி., சுமார் 20% பேருக்கு கடும் மனச்சோர்வு. ஆனா அதுல என்னை நிறுத்துனது வேற எடம். வீட்டுல அடி விழற புள்ளைங்களோட நெலமை அதிக மோசமா இருந்துச்சு, அப்பாவோட குடிக்கும் அந்த அடிக்கும் தொடர்பு தெரிஞ்சுது. ஷெல் விழறது நின்னாலும் பெல்ட் நிக்கல. ஆப்கானிஸ்தான்லயும் 1,011 பள்ளிப் பிள்ளைங்கள வச்சுப் பாத்தப்போ போரோட சேர்ந்து வீட்டு வன்முறையும் பெருசாத் தெரிஞ்சுது. இப்போ யோசிங்க, சம்பவத்தை மட்டும் கேக்கற தாளை வச்சு, 'அந்த சம்பவம்'னா போருன்னு நாமளே முடிவு பண்ணிட்டு கேட்டா, நேத்து ராத்திரி நடந்ததை அந்தப் புள்ள எங்க சொல்லும்? அதனாலதான் வீடு எப்படி, ஸ்கூலுக்கு ஒழுங்கா வருதா, ஆதரவுக்கு யாரு இருக்காங்கன்னு சேர்த்துக் கேக்கற தாளுங்க வந்துச்சு. சி.பி.டி.எஸ்.னு ஒரு சின்ன ஸ்க்ரீனர் அந்த மாதிரி. புருண்டியில தொடங்குனது, அப்புறம் சூடான், இந்தோனேசியா, இலங்கைன்னு பாத்தாங்க.

சலிச்சதுக்கு அப்புறம் என்ன கொடுக்கறோம்ங்கறதும் இதுல அடக்கம். யாழ்ப்பாணப் பக்கம் பள்ளிக்கூடங்கள்ல 399 புள்ளைங்கள வச்சு நடந்த ஒரு சோதனை 2012ல வந்துச்சு. ஸ்க்ரீன் பண்ணி எடுத்த புள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு 15 வகுப்பு, விளையாட்டு, படம் வரையறது, பேசறது எல்லாம் கலந்து. சில புள்ளைங்களுக்கு அடாவடி கொறைஞ்சுது. ஆனா பொண்ணுங்க விஷயத்துல, வகுப்புக்கு வந்தவங்களுக்கு அதிர்ச்சி அறிகுறி கொறைஞ்ச அளவு, வகுப்பே இல்லாம காத்திருந்த பொண்ணுங்களுக்குக் கொறைஞ்ச அளவை விட கம்மி! உதவறோம்னு போயி தானா ஆறிட்டு இருக்கற புண்ணைக் கிளறிடக் கூடாதுங்கறதுக்கு இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது. அந்த ஆய்வாளர்கள் அதை மறைக்காம எழுதுனதுக்கு ஒரு கும்பிடு.

இப்போ வேற ஒரு வழியும் வந்திருக்கு, எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு. புள்ளைகிட்ட கேள்வியே கேக்கறது இல்ல. நேபாளத்துல ஆரம்பிச்ச யோசனை, அதை 'வார் சைல்ட்' அமைப்பு புள்ளைங்களுக்குன்னு மாத்தி பாலஸ்தீனம், இலங்கை, உகாண்டான்னு பல எடத்துல சோதிச்சுப் பாத்திருக்கு. ஊருல எல்லாரும் நம்பற ஒரு டீச்சரோ, கோச்சோ, பக்கத்து வீட்டு அக்காவோ, அவங்க கையில ஒரு குட்டிக் கதை, கூடவே படம். கஷ்டத்துல இருக்கற ஒரு புள்ள எப்படி இருக்கும்னு அந்த ஊரு பாஷையில எழுதுன கதை. அதைப் படிச்சுட்டு, தனக்கு நல்லாத் தெரிஞ்ச எந்தப் புள்ளையாச்சும் இந்தக் கதையில வர்ற புள்ள மாதிரி இருக்கான்னு பாக்கணும். ஆமான்னா வீட்டுல பேசி, உதவி கெடைக்கற எடத்துக்குப் போகச் சொல்லணும். மார்க் கிடையாது. நேபாளத்துல அப்படி கை காட்டுனவங்கள மனநலம் படிச்சவங்க பாத்தப்போ மூணுல ரெண்டு பேருக்குப் பக்கமா சரியா இருந்துச்சு. நம்ம 1000 பேர் கணக்கைத் திரும்பப் பாருங்க, இது ஒண்ணும் மோசம் இல்ல.

எனக்கு இது ஏன் பிடிக்குதுன்னா, அந்த கிராமத்துலயே ஒரு டீச்சர் இருந்தாங்க. நான் பேப்பர் கட்டோட அலைஞ்சதைப் பாத்து, டீ கொடுத்து உக்கார வச்சு, "எழுதுனது இருக்கட்டும் தம்பி, அந்த மூணாங்கிளாஸ் பொண்ணப் பாருங்க, மதிய சாப்பாட்ட சாப்பிடறதே இல்ல, தூக்குல போட்டு எடுத்துட்டுப் போகுது, தங்கச்சிக்குன்னு சொல்லுது"ன்னாங்க. தங்கச்சி சுனாமியில போயிடுச்சு. என் கட்டுல தேடிப் பாத்தேன். எட்டு கேள்விக்கும் சேர்த்து அந்தப் பொண்ணுக்கு நான் போட்டிருந்தது 4.

நீங்க டீச்சராவோ வாலண்டியராவோ இருந்து நாளைக்கு உங்க கையிலயும் ஒரு பேடு வந்தா, முதல்ல மேல இருக்கறவங்ககிட்ட கேக்க வேண்டியது: கோட்டுக்கு மேல வந்த புள்ளைய யாரு பாக்கப் போறாங்க, என்னைக்கு, எங்க வச்சு? பதில் இல்லன்னா பேடைத் திருப்பிக் கொடுத்துடுங்க. நான் அப்படிச் செய்யல, நான் நிரப்புன கட்டு ஒரு அட்டைப்பெட்டியில போயிருச்சு, எந்தப் புள்ளையத் தேடியும் யாரும் வரல. அம்மா அப்பாகிட்ட சம்மதம் கேட்டாச்சான்னு பாருங்க, புள்ளைகிட்டயும் தனியா கேளுங்க, வேணாம்னு சொன்னாலும் பிஸ்கட்டு பாக்கெட்டு உண்டுன்னு முதல்லயே சொல்லிடுங்க, இல்லன்னா பாதிப் பேரு பொருளுக்காக ஆமாம்பாங்க, இன்னும் சில பேரு ஹாஸ்டலுக்கு அனுப்பிடுவாங்களோன்னு எல்லாத்துக்கும் இல்லம்பாங்க. கூட்டாளிங்க இல்லாத எடமாப் பாத்து கேளுங்க. போரு நடக்கற ஊருன்னா பேரு எழுதுன லிஸ்டு யாரு கையிலயும் மாட்டாம இருக்கணும், எந்தப் புள்ள எந்தக் கும்பல்ல இருந்துச்சுங்கற தகவல் அங்க உயிர் விஷயம். யாராச்சும் சாகணும்னு சொன்னா மார்க்கெல்லாம் அப்புறம், அந்தப் புள்ளையத் தனியா விடாம அன்னைக்கே ஆள் பாக்கணும். இந்தியாவுல குழந்தைகளுக்கு 1098, மனநலத்துக்கு 14416. இலங்கையில குழந்தைகளுக்கு 1929, மனநலத்துக்கு 1926.

அப்புறம், வாசல்ல நிக்கற அம்மாவை உள்ள கூப்பிட்டு உக்கார வச்சுக் கேளுங்க. பேப்பர்ல எடம் இல்லன்னா பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கும், அதுல எழுதுங்க.